இடைவெளி விட்டு ஓட்டுவோம்: சாலை சொல்லும் வரலாறு



பரிசளிப்பு விழா மலர் என்றால் கல்வியின் பெருமை, தாய்மொழியின் அருமை, ஒற்றுமையின் வலிமை என்று கட்டுரைகள் வருவது வழக்கம். அவையெல்லாம் வேண்டியவைதாம். ஆனால் மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளை, அந்தப் பரிசோடு பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டாமா? ஆகவே இவ்வாண்டு மலரில் சாலையைப் பற்றி, அதிலும் முன்னே போகிற வண்டிக்கும் பின்னே வருகிற வண்டிக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளியைப் பற்றி, வரலாற்று நோக்கில் சில செய்திகளைச் சொல்ல விழைகிறேன்.

"இதுக்கு என்னாங்க சார் வரலாறு? பிரேக் புடிச்சா வண்டி நிக்கப்போகுது!" என்று சிலர் கேட்கலாம். அந்த ஒரு வார்த்தை தவறு என்று உலகம் புரிந்துகொள்ள நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நம் ஊரும் நம் சாலையும்

'பெக்கான்' என்றால் சிறு பட்டணம். 'நானாஸ்' என்றால் அன்னாசி. பெயரிலேயே தொழிலைத் தாங்கி நிற்கிற ஊர் நம்முடையது. மக்கிய இலைதழை படிந்த சதுப்பு மண்ணில் அன்னாசி செழித்து வளரும் என்பதைப் பொந்தியான் வட்டாரம் உலகுக்கே காட்டியிருக்கிறது. அன்னாசிக்கென்று ஓர் அருங்காட்சியகமும் நம் ஊரில் இருக்கிறது.

நம் ஊரைத் தொட்டுக்கொண்டு போவது ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை. ஸ்கூடாயில் புறப்படும் இச்சாலை பொந்தியான், பத்து பகாட், மூவார், மலாக்கா, கிள்ளான் என்று மேற்குக் கரையோரமாகவே ஓடி ஈப்போ வரைக்கும் போகிறது. அன்னாசி லோரி, செம்பனைக் குலை லோரி, மணல் லோரி, தொழிற்சாலை பஸ், பள்ளிக்கூட வேன், சிங்கப்பூர் வேலைக்கு விடியுமுன்னே கிளம்பும் மோட்டார் சைக்கிள் எல்லாம் இந்த ஒரே சாலையில்தான். அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து புத்தகப் பையோடு பள்ளிக்கு வரும் பிள்ளையும் இதே சாலையில்தான்.

மாட்டு வண்டிக் காலம்

நம் முன்னோர் மலாயாவுக்கு வந்த காலத்தில் சாலையின் அரசன் மாட்டு வண்டிதான். தோட்டத்துச் சாமான், கல், மண், தண்ணீர் எல்லாம் மாட்டு வண்டியில்தான் போயின. சிங்கப்பூரில் 'கிரெத்தா ஆயர்' என்று ஓர் இடம் இருக்கிறதே, அந்தப் பெயரே மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுபோன காலத்தின் நினைவுதான்.

மாட்டு வண்டிகள் இரவில் வரிசையாகப் போகும். வண்டிக்கு அடியில் ஓர் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டிருக்கும். முன்வண்டியின் பின்பலகையைப் பின்வண்டி மாட்டின் மூக்கு முட்டுகிற அளவுக்கு நெருங்கித்தான் போகும். வண்டிக்காரர் தூங்கினாலும் மாடு தூங்காது. முன்வண்டி நின்றால் தானும் நின்றுவிடும். மணிக்கு இரண்டு மூன்று மைல் வேகத்தில் யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது? "முன் ஏர் போன வழியே பின் ஏர்" என்று நம் பெரியவர்கள் சொன்னதும் இந்த வேகத்தில் நடந்த வாழ்க்கையை வைத்துத்தான்.

இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். ஒட்டிப் போவது என்பது நமக்குப் பல தலைமுறைப் பழக்கம். பசாரில் வரிசை நின்றாலும், பெரட்டுக்கு நின்றாலும், கோயிலில் தேர் இழுத்தாலும் நெருங்கியே நிற்போம். நடக்கிற வேகத்தில் அது குற்றமில்லை. ஆனால் கால் மாறிச் சக்கரமாயிற்று, மாடு மாறி இயந்திரமாயிற்று. பழக்கம் மட்டும் மாறவில்லை!

செங்கொடி பிடித்த மனிதர்

இயந்திர வண்டி சாலைக்கு வந்தபோது முதலில் பயந்தது இங்கிலாந்து. நீராவியால் ஓடும் கனத்த வண்டிகளைக் கட்டுப்படுத்த 1865ஆம் ஆண்டு அங்கே ஒரு சட்டம் வந்தது. நாட்டுப்புறத்தில் மணிக்கு நான்கு மைல், ஊருக்குள் இரண்டு மைல், இவற்றுக்கு மேல் வேகம் கூடாது. வண்டிக்கு மூன்று பேர் வேண்டும். அவர்களில் ஒருவர் அறுபது கஜம் முன்னாலேயே செங்கொடி பிடித்து நடந்துபோக வேண்டும்!

இன்று கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் சற்றே சிந்தித்துப் பாருங்கள். இயந்திர வண்டிக்கும் அதன் முன்னே உள்ள உயிர்களுக்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும் என்று சட்டம் ஒப்புக்கொண்டது அப்போதுதான். அறுபது கஜம் என்பது கிட்டத்தட்ட 55 மீட்டர். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1896ஆம் ஆண்டு அச்சட்டத்தின் கெடுபிடியை நீக்கி, மணிக்குப் பதினான்கு மைல் வரை போகலாம் என்று புதுச் சட்டம் செய்தார்கள். அதே 1896 ஆகஸ்ட் 17ஆம் நாள் இலண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்னும் பெண்மணி மோட்டார் காரில் அடிபட்டு உயிரிழந்தார். பெட்ரோல் காரில் அடிபட்டு மாண்ட பாதசாரிகளில் இங்கிலாந்து நாட்டுக்கே அவர்தான் முதலாமவர். நம் பக்கத்திலோ, அதே 1896இல்தான் சிங்கப்பூருக்கு முதல் மோட்டார் கார் கப்பலில் வந்து இறங்கியது. ஜெர்மனியின் பென்ஸ் வண்டி அது.

இரயில் கற்ற பாடம்

சாலைக்கு முன்னே இந்தப் பாடத்தைக் கற்றது இரயில்தான். அதற்குக் கொடுத்த விலையும் பெரிது.

அந்தக் காலத்தில் பல இரயில் பாதைகளில் 'நேர இடைவெளி' என்னும் முறை இருந்தது. ஒரு வண்டி போய்ச் சில நிமிடங்கள் ஆனால் அடுத்த வண்டியை அனுப்பிவிடலாம். முதல் வண்டி நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஓடாமல் வழியில் நின்றுவிட்டால்?

1889 ஜூன் 12ஆம் நாள் அயர்லாந்தின் ஆர்மா நகரில் அதுதான் நடந்தது. ஞாயிறு வேதப் பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரும் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் கிளம்பினார்கள். நீண்ட இரயில், ஏற்றத்தில் இஞ்சின் இழுக்க முடியாமல் நின்றது. வண்டியை இரண்டாகப் பிரித்து, முன்பகுதியை மட்டும் மேலே கொண்டுபோகப் பார்த்தார்கள். பின்பகுதிப் பெட்டிகள் பிரேக் தாங்காமல் இறக்கத்தில் பின்னோக்கி ஓடத் தொடங்கின. கீழேயிருந்தோ அடுத்த இரயில் ஏறி வந்துகொண்டிருந்தது! எண்பது உயிர்கள் போயின. அவர்களில் பலர் பிள்ளைகள். சுற்றுலாவுக்குப் புறப்பட்ட பள்ளிப் பிள்ளைகள் என்பதை எழுதும்போது ஆசிரியரின் கை கொஞ்சம் நிற்கத்தான் செய்கிறது.

அதே ஆண்டில் இங்கிலாந்து நாடாளுமன்றம் இரயில்வேச் சட்டத்தைத் திருத்தியது. இனிமேல் நேரத்தை நம்புவதில்லை. பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு வண்டி மட்டுமே இருக்கலாம். முன்வண்டி அந்தப் பகுதியை விட்டு வெளியேறியது உறுதியான பிறகே பின்வண்டி நுழையலாம். பிரயாணிகள் வண்டிகளில் எல்லாப் பெட்டிக்கும் சேர்ந்தாற்போல் பிடிக்கும் பிரேக்கும் வேண்டும். இவையே அச்சட்டத்தின் சாரம்.

மலாயாவில் முதல் இரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. ஜொகூர் வழியாகச் செல்லும் பாதை 1909இல் ஜொகூர் பாரு வரை வந்து முடிந்தது. ஒற்றைத் தண்டவாளமாக இருந்த இப்பாதையில் இடைவெளியைக் காத்தது டோக்கன் என்னும் சாவி. அதை ஒரு வளையத்தில் மாட்டி, நிலையத்து ஊழியர் நீட்ட, ஓட்டுநர் வாங்கிக்கொண்டு போவார். டோக்கன் கையில் இல்லாமல் வண்டி நகரக்கூடாது. சிங்கப்பூரின் புக்கிட் தீமா நிலையத்தில் 2011 ஜூன் வரைக்கும் இந்த வளையம் கைமாறிக்கொண்டிருந்தது. இரயில்வேயில் வேலை பார்த்த தாத்தாக்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், பிள்ளைகளே, கேட்டுப் பாருங்கள். கதை கதையாகச் சொல்வார்கள்.

சாலையில் அந்த வளையம் கிடையாது. கொடுக்க ஆளும் கிடையாது. ஓட்டுகிறவர் கையிலேதான் டோக்கன் இருக்கிறது. அதுதான் சாலைக்கும் இரயிலுக்கும் உள்ள பெரிய வேறுபாடு.

நம்மவர் போட்ட சாலைகள்

மலாயாவின் சாலைகளில் நம்மவரின் வியர்வை கொஞ்சநஞ்சமல்ல. பொதுப்பணித் துறையில் கல் உடைத்தவர்களும், தார் ஊற்றியவர்களும், கால்வாய் வெட்டியவர்களும், சாலையோரத்துப் புல் வெட்டியவர்களும் ஆயிரக்கணக்கான தமிழர்கள். அவர்கள் தூரத்தைக் 'கட்டை' கணக்கில் சொன்னார்கள். "அஞ்சாங்கட்டையில எறங்கு" என்று இன்றைக்கும் நம் பாட்டிமார் சொல்வது அந்த மைல் கல்லின் நினைவில்தான். நாடு மீட்டர் கணக்குக்கு மாறியும் நம் பேச்சில் கட்டை மாறவில்லை.

ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலம் 1919இல் கட்டத் தொடங்கி, 1924 ஜூன் 28இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. 1942 ஜனவரி 31இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அதில் ஓர் உடைப்பை ஏற்படுத்தியது. பின்னர் அது சீராக்கப்பட்டது. 1998இல் இரண்டாவது பாலமும் திறந்தது. தென்கோடியில் இருக்கும் நம் மாவட்டத்துக்கு இந்தப் பாலங்களால் வேலை வந்தது, சம்பளம் வந்தது. கூடவே, விடியற்காலை இருட்டில் ஒன்றையொன்று ஒட்டி ஓடும் மோட்டார் சைக்கிள் கூட்டமும் வந்தது.

தோட்டத்து மக்கள் சைக்கிளிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு மாறியது ஒரு தலைமுறைக்குள் நடந்த மாற்றம். சைக்கிளில் போகிறவருக்கு மூச்சு வாங்கும். தானே மெதுவாகப் போவார். மோட்டார் சைக்கிளுக்கு மூச்சு வாங்காது. முறுக்கினால் பறக்கும். அங்கேதான் ஆபத்தும் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு வினாடியின் கதை

இனி "பிரேக் புடிச்சா நிக்கும்" என்பதற்கு வருவோம்.

1796ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கிரீன்விச் வானாய்வுக்கூடத்தில் கின்னபுரூக் என்னும் உதவியாளர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். விண்மீன் ஒன்று தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் நேரத்தைக் குறிப்பது அவர் வேலை. தலைவர் மஸ்கலின் குறித்த நேரத்துக்கும் அவர் குறித்த நேரத்துக்கும் முக்கால் வினாடிக்கு மேல் வேறுபாடு இருந்தது. குறை அவருடையதே என்று எண்ணி வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள். பிற்காலத்தில் பெஸ்ஸல் என்னும் ஜெர்மானிய வானியலார் இதை ஆராய்ந்து, ஆளுக்கு ஆள் இப்படி வேறுபாடு இருப்பது இயற்கையே என்று காட்டினார். 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் அறிஞர் தவளையின் நரம்பை வைத்துச் சோதித்து, நரம்பில் செய்தி ஓடவும் நேரம் பிடிக்கிறது என்று அளந்தே காட்டிவிட்டார்.

இதனால் நாம் அறிவது என்ன? கண் பார்த்து, மூளை உணர்ந்து, கையோ காலோ பிரேக்கைத் தொடுவதற்குள் நேரம் போய்விடுகிறது. விழிப்பாக இருப்பவருக்கே முக்கால் வினாடி, ஒரு வினாடி ஆகும். இரவு வேலை முடித்துக் களைத்து வருகிறவருக்கும், கைத்தொலைபேசியைப் பார்க்கிறவருக்கும், குடித்திருப்பவருக்கும் இன்னும் கூடும். அந்த நேரம் முழுவதும் வண்டி பிரேக்கே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது!

மாணவர்களே, கணக்கு நோட்டை எடுங்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு வினாடிக்கு எத்தனை மீட்டர்? 90,000 மீட்டரை 3,600 வினாடியால் வகுத்தால் 25 மீட்டர். ஒரே வினாடியில் 25 மீட்டர்! கண் இமைத்து "ஐயோ" என்று சொல்வதற்குள் இரண்டு மூன்று வகுப்பறை நீளம் கடந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் பிரேக் வேலை செய்யத் தொடங்குகிறது. அங்கேயும் ஒரு சூட்சுமம் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் இரண்டு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்கு ஆகிறது. இங்கிலாந்தின் சாலை விதிப் புத்தகம் தரும் அளவைப் பாருங்கள். மணிக்கு 30 மைல் (48 கிலோமீட்டர்) வேகத்தில் சிந்திக்கும் தூரம் 9 மீட்டர், பிரேக் தூரம் 14 மீட்டர், ஆக 23 மீட்டர். மணிக்கு 60 மைல் (96 கிலோமீட்டர்) வேகத்தில் சிந்திக்கும் தூரம் 18 மீட்டர், பிரேக் தூரம் 55 மீட்டர், ஆக 73 மீட்டர். காற்பந்துத் திடலின் நீளத்தில் முக்கால் பங்கு! அதுவும் காய்ந்த சாலையில், நல்ல டயரோடு.

"எம் பைக்கு பிரேக்கு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லும் அன்பர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முதல் 25 மீட்டரில் அதற்கு வேலையே இல்லை.

விதிகள் பிறந்த வரலாறு

1931இல் இங்கிலாந்தில் 23 இலட்சம் மோட்டார் வண்டிகளே இருந்தன. ஆயினும் ஆண்டுக்கு ஏழாயிரம் பேருக்கு மேல் சாலையில் மாண்டார்கள். அவ்வாண்டு ஏப்ரலில், ஒரு பென்னி விலையில், சாலை விதிப் புத்தகம் முதன்முதலாக வெளிவந்தது. வண்டி நிற்கும் தூரத்தின் அளவுகள் அப்புத்தகத்தில் 1946ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இடம்பெற்றன.

அமெரிக்காவில் வேறொரு கணக்குச் சொன்னார்கள். மணிக்குப் பத்து மைல் வேகத்துக்கு ஒரு கார் நீளம் இடைவெளி; முப்பது மைல் என்றால் மூன்று கார் நீளம். கலிபோர்னியாவில் வழங்கிய இவ்விதியை எடுத்துக்கொண்டு, 1953இல் பைப்ஸ் என்னும் ஆய்வாளர் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதைக் கணிதமாகவே எழுதினார். ஆனால் ஓடுகிற வண்டியில் இருந்துகொண்டு கார் நீளத்தைக் கண்ணால் அளப்பது எளிதா? ஆகவே பிற்காலத்தில் இன்னும் சுலபமான வழி பரவியது. அதுதான் 'இரண்டு வினாடி' விதி.

முன்னே போகும் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தையோ அறிவிப்புப் பலகையையோ கடக்கட்டும். அப்போது நிதானமாக "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். மழை என்றால் நான்கு வரை எண்ணுங்கள். இதில் ஒரு நன்மை உண்டு. வேகம் கூடினால் இடைவெளியும் தானே கூடிவிடும். மணிக்கு 60 கிலோமீட்டரில் இரண்டு வினாடி என்பது 33 மீட்டர். 90 கிலோமீட்டரில் 50 மீட்டர். செங்கொடிக்காரர் நடந்த அந்த 55 மீட்டரை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? பழைய மனிதர்கள் கேலிக்குரியவர்கள் அல்லர்!

நம் நாட்டில் சாலைப் போக்குவரத்துத் துறை 1946இல் தொடங்கியது. 1958இல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வந்தது. 1987இல் இன்றைய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. 1973இல் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்குத் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. 1979 ஏப்ரலில் முன்னிருக்கைக்கும், 2009 ஜனவரியில் பின்னிருக்கைக்கும் இடைவார் கட்டாயமாயிற்று. 1989இல் நாடெங்கும் வேகக் கட்டுப்பாடு வகுக்கப்பட்டது. 1992இல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் விளக்கெரிய ஓட வேண்டும் என்ற விதி வந்தது.

இத்தனை விதிகளும் நல்லவை. தலைக்கவசத்தைப் போலீஸ்காரர் தூரத்திலிருந்தே பார்த்துவிடலாம். இடைவாரையும் பார்க்கலாம். வேகத்தைக் கேமரா பிடித்துவிடும். ஆனால் இடைவெளியை யார் வந்து அளப்பது? மோதிய பிறகுதான் அது இல்லாதது தெரிகிறது. பின்னால் இடித்தவர் "முன்னால போனவன் திடீர்னு நிறுத்திட்டான்" என்று சொல்லலாம். அவன் திடீரென்று நிறுத்தக்கூடும் என்பதற்காகத்தானே அந்த இடைவெளி!

மழை, புகைமூட்டம், இருட்டு

நம் வட்டாரத்துக்கென்று சில தனி ஆபத்துகள் உண்டு.

முதலாவது மழை. மதியத்துக்குமேல் கொட்டும் மழை சில நிமிடத்தில் சாலையைக் குளமாக்கிவிடுகிறது. சதுப்பு மண்ணின்மேல் போட்ட சாலை அங்கங்கே அமுங்கும். மேடு பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். தேய்ந்த டயர் அந்தத் தண்ணீர்மேல் வழுக்கும்.

இரண்டாவது புகைமூட்டம். சதுப்பு மண் தீப்பிடித்தால் மேலே அணைந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். 2013 ஜூன் மாதம் இந்தோனேசியக் காட்டுத் தீயின் புகையால் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700ஐயும் தாண்டியது. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவித்தார்கள். அப்படிப்பட்ட நாளில் முன்வண்டியின் விளக்கைத் தொலைத்துவிடக் கூடாதென்று அதை ஒட்டியே போகத் தோன்றும். அதுதான் மிகப் பெரிய தவறு. 1991 மார்ச்சில் இங்கிலாந்தின் எம்-4 நெடுஞ்சாலையில் மூடுபனியில் வண்டிமேல் வண்டி மோதிப் பத்துப் பேர் மாண்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் கலிபோர்னியாவில் புழுதிப் புயலில் நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் மோதி 17 பேர் மாண்டார்கள். கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில் மட்டுமே ஓட்ட வேண்டும். முடியாவிட்டால் சாலையை விட்டு ஒதுங்கி நிற்பதே மேல்.

மூன்றாவது, பாரம் ஏற்றிய லோரி. செம்பனைக் குலை ஒன்று பத்து, இருபது கிலோ இருக்கும். ஓடுகிற லோரியிலிருந்து ஒன்று உருண்டு விழுந்தால், ஒட்டி வரும் மோட்டார் சைக்கிளுக்கு விலகக்கூட நேரமிருக்காது. 2024 டிசம்பர் 23ஆம் நாள் இரவு மலாக்கா பகுதியில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் லோரியிலிருந்து கழன்ற சக்கரம் ஒரு பேருந்தின் வழியில் கிடந்து, அதனால் நேர்ந்த விபத்தில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். முன்வண்டி நிற்பது மட்டுமல்ல, முன்வண்டியிலிருந்து விழுவதும் நம் பாதையில்தான் வரும். மேலும், லோரியை ஒட்டிப் போகிறவருக்கு லோரியின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாது. லோரிக்காரர் கண்ணாடியிலும் அவர் தெரியமாட்டார். இருவருக்கும் குருட்டு நிலை!

நாம் செய்ய வேண்டியது

2023ஆம் ஆண்டு நம் நாட்டுச் சாலைகளில் மாண்டவர் 6,443 பேர். இப்படி மாள்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆண்டுதோறும் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. மோட்டார் சைக்கிள் யாருடைய வாகனம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தில் ஒரு குடும்பத்தில் ஒருவர் மாண்டால், அல்லது காலொடிந்து ஆறு மாதம் படுத்தால், சம்பளம் நின்றுபோகும். பிள்ளையின் படிப்பு தடைப்படும். ஒரு வினாடி மிச்சம் பிடிக்கப் போய், ஒரு தலைமுறை பின்னுக்குப் போகிறது.

"இடைவெளி விட்டா நடுவுல இன்னொருத்தன் பூந்துருவானே!" என்பது பலருடைய குறை. உண்மைதான், நுழைவான். நுழையட்டுமே! நாம் மறுபடியும் கொஞ்சம் பின்வாங்கிக்கொள்வோம். பத்துப் பேர் நுழைந்தாலும் வீட்டுக்குப் போக அரை நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்பது பழமொழி. சாலையிலோ ஆத்திரக்காரனுக்கு ஆயுளும் மட்டு.

புதிய கார்கள் சிலவற்றில் முன்வண்டியை உணர்ந்து தானாகவே பிரேக் பிடிக்கும் கருவி வந்திருக்கிறது. சக்கரம் இறுகிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்கும் முறை அதற்கு முன்பே கார்களில் வரத் தொடங்கியது. வரவேற்க வேண்டியவைதாம். ஆனால் நம் தோட்டத்துப் பழைய மோட்டார் சைக்கிளில் இருக்கும் ஒரே கருவி அதை ஓட்டுபவரின் அறிவுதான். காசு கொடுத்து வாங்க வேண்டாத கருவி அது ஒன்றே.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உடற்பயிற்சி நேரத்தில் ஆசிரியரிடம் அளவு நாடா கேட்டு வாங்கிப் பள்ளித் திடலில் 23 மீட்டரையும் 73 மீட்டரையும் அளந்து, இரு முனைகளிலும் கம்பு நடுங்கள். நடந்து பாருங்கள், ஓடிப் பாருங்கள். மாலையில் அப்பாவைக் கூட்டி வந்து, "வேகமா போனா நம்ம வண்டி நிக்கிறதுக்கு இவ்ளோ எடம் வேணும்பா" என்று காட்டுங்கள். பின்னால் உட்கார்ந்து போகும்போது நீங்களே வாய்விட்டு "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று எண்ணுங்கள். பிள்ளை எண்ணுகிற சத்தம் காதில் விழுந்தால் எந்தத் தகப்பனுக்கும் கை தானே தளரும்.

பெற்றோர்களே, அன்று ஒரு மனிதர் செங்கொடி பிடித்து வண்டிக்கு முன்னே நடந்தார். பிறகு இரயிலில் ஒரு வளையம் கைமாறி வந்தது. இன்று கொடியும் இல்லை, வளையமும் இல்லை. அவர்கள் காத்த அந்த இடைவெளி மட்டும் நம் கையில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அதைக் காப்போம்! பரிசு வாங்கிய பிள்ளைகள் எல்லாரும் சுகமாய் வீடு சேர்ந்து, அடுத்த ஆண்டு விழாவுக்கும் இதே சாலையில் சுகமாய் வந்து சேரட்டும்.